ஹெல்மெட் போட்ட பூசணிக்காய்

நெய்வேலி டவுன்ஷிப்பில் இளவழகன் மேடையேறினால், வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பார்கள். கம்மாபுரத்துக் கூலிக்காரர் மகன். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. பாதுகாப்பு வார விழா நாடகங்களை எழுதுவதும் இயக்குவதும் அவன்தான். ஹெல்மெட் இல்லாமல் தள்ளாடி வந்து விழும் குடிகாரன் வேடமும் அவனுக்கே. தப்பெல்லாம் தொழிலாளியுடையது என்று சொல்லும் நாடகத்துக்கு, அதிகாரிகளும் காண்ட்ராக்டர்களும் உட்காரும் முன்வரிசை தவறாமல் கைதட்டும். அது ஏன் என்று அவனுக்குத் தெரியும். கைதட்டல் பிடித்திருந்தது, பேசாமல் இருந்தான்.

இந்த ஆண்டு அவனோடு வேலை பார்த்த கலியன் செத்தான். நிலக்கரி ஓடும் பெல்ட் அவனைக் கையோடு இழுத்துக்கொண்டது. உருளையை மறைக்க வேண்டிய கம்பி வலை எப்போதோ கழற்றி எறியப்பட்டிருந்தது. காண்ட்ராக்டர் செங்குட்டுவன் வலையை மாட்டவில்லை. பூசாரியை அழைத்து, பெல்ட்டுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். பூசணிக்காய் எந்த உருளையையும் நிறுத்தியதில்லை.

பிறகு இளவழகனைக் கூப்பிட்டார்.

“கலியன் கதையவே நாடகமா போடுடா. குடிச்சிக்கினு வந்து மாட்டிக்கினான்னு வை. நீ வுழுந்தா ஜனம் சிரிக்கும்.”

“அவன் டீயத் தவிர எதையும் தொடமாட்டாங்க.”

“செத்தவன் வந்து சொல்லப்போறானா? உனக்கு கேட் பாஸ் வேணுமா, வேணாமா?”

கலியனின் மனைவி வீராயியிடம் போய்ச் சொன்னான். “போடு தம்பி. உன் வூட்லயும் அடுப்பு எரியணும்ல. நான் பாக்க வரமாட்டேன், அவ்ளோதான்” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

விழாவன்று தள்ளாடிக்கொண்டே மேடைக்கு வந்தான். அரங்கம் சிரித்தது. செங்குட்டுவன் தொடையைத் தட்டிச் சிரித்தார். இளவழகன் ஒரு கூலிங் கிளாஸை எடுத்து, செங்குட்டுவன் மாட்டுவதுபோலவே நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொண்டான். குடிகாரன் யாரென்று எல்லாருக்கும் புரிந்தது. ஒரு பூசணிக்காயை மேடை நடுவில் தூக்கிவைத்து, அதற்கு ஹெல்மெட் மாட்டி வாரைக் கட்டினான்.

தொழிலாளியாக நடித்த சுதாகர் கேட்டான்: “மொதலாளி, கம்பி வலை எங்க?”

“வலை எதுக்குடா? அதான் காவலுக்கு இது உக்காந்துகினு இருக்குதே! நீ கைய வுடு.”

“கை போயிட்டா?”

“நீ குடிகாரன்னு சொல்லிக்கிறேன். போடா!”

வெடித்த சிரிப்பு பாதியில் நின்றது. செங்குட்டுவன் எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் கேட்டில் இளவழகனைத் திருப்பி அனுப்பினார்கள். விழாவில் வயிறு குலுங்கச் சிரித்த பர்மனன்ட் ஆட்கள் அவனைத் தாண்டி உள்ளே போனார்கள். ஒருவனும் ஏனென்று கேட்கவில்லை.

அந்த வாரமே வீராயி அவன் வீட்டுக்கு வந்தாள். “வலை மாட்டிட்டாங்களாம் தம்பி. எலுமிச்சம்பழமும் கட்டியிருக்காங்களாம்.”

“வலைக்குப் பதிலாவா, வலைமேலயாக்கா?”

“மேலதான்.”

“அப்ப இருந்துட்டுப் போவட்டும்.”