எல்லாருக்கும் முதுகுவலிதான்

பைக் சீட் தைக்கிற தொழிலில், வருகிற எல்லாருக்கும் வலிக்கிற இடம் ஒன்றுதான்; அதைச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வராது. ஒரே மூச்சாகத் திருச்சி வரை பைக்கில் போய் வந்து, ராத்திரிச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடைக்கு நான் வந்த கதை

மதுரை கோரிப்பாளையத்தில் எங்கள் கடை. தூரம் தொலைவு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அவரவர் உடம்புக்குத் தோதாக ஃபோம் வெட்டி, ரெக்ஸின் தைத்து சீட் செய்து கொடுப்போம். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம் அது. கடையில் என் வீட்டுக்காரர்தான் எல்லாம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் மிஷினில் கவர் தைப்பதோடு சரி.

ஒரு ஆனி மாசம் அவர் முதுகுவலி என்று குப்புறப் படுத்தவர், படுத்தவர்தான். தைலம் தேய்த்தேன். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். பெல்ட் வாங்கிக் கட்டிவிட்டேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்ற எலும்பு டாக்டர், இப்படியே இருந்தால் தண்டுவடத்தில் ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம் என்றார். பண்ணிவிடலாம் என்றுகூடச் சொல்லவில்லை, பண்ணிப் பார்க்கலாமாம். எனக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம், இது வேறு சேர்ந்துகொண்டது. ஒருவேளை நடக்க முடியாமல் போய்விட்டால்? கடையை யார் பார்ப்பது? எதிர் வரிசையில் ரெடிமேடு சீட் விற்கிறவர் எங்கள் இடத்தைக் கேட்டு ஏற்கெனவே ஆள் அனுப்பியாயிற்று.

வேறு வழியில்லாமல் நானே போய்க் கடையில் உட்கார்ந்தேன். ஃபோம் வெட்டுகிற காதர் பாய் மட்டும் துணை. கடையில் ஒரு பொம்பளையைப் பார்த்ததும் வந்த ஆட்கள் பாதிப் படியிலேயே நின்று, அண்ணன் இல்லையா என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். கடை காலியாகப் போகிறது என்று நான் புலம்ப, பாய் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "பயப்படாதம்மா. எல்லாப் பயலும் வலியோட வாரான். எம்புட்டுத் தூரம் ஓடிருவான்?"

கட்டைவிரல்

சீட் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் செய்கிற காரியம், கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது. பழக்கடையில் சப்போட்டாவை அழுத்துகிற மாதிரியேதான். விரல் உள்ளே போனால் நல்ல சீட், போகாவிட்டால் பலகை. அழுத்தமான ஃபோம்தான் தூரத்துக்குத் தாங்கும் என்று நான் தொண்டை வறளச் சொல்வேன். பேச்சை யார் கேட்கிறார்கள்? விரலைத்தான் நம்புவார்கள்.

சுங்குடிச் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற சௌராஷ்டிரா அண்ணன் ஒருவர் மனைவியோடு வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு விரலால் எல்லா ஃபோமையும் அழுத்தி, அவர்கள் பாஷையில் நெடுநேரம் பேசி, இருப்பதிலேயே பொதபொதவென்று இருந்ததை எடுத்தார்கள். உட்கார்ந்து பார்த்த அண்ணனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அடுத்த வாரம் தனியாக வந்தார். உட்காருங்கள் என்று ஸ்டூலைப் போட்டேன். வேண்டாம் என்று தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறி ஒக்காரும்போது பஞ்சு மெத்தைதான்க்கா. மேலூர் தாண்டுறதுக்குள்ள பஞ்சு ஒருபக்கம் போயிருச்சு, கீழ இருக்க தகரம் மட்டும் எங்கூடத் திருச்சி வரைக்கும் வந்துச்சு."

மின்விசிறியைப் பார்த்துப் பேசியவர்

மருந்துக் கம்பெனித் தம்பி ஒருவர். டை கட்டியிருப்பார், மரியாதையான பிள்ளை. பரமக்குடி, ராமநாதபுரம் என்று பகல் முழுக்க வண்டியிலேயே கிடப்பவர். முதுகு வலிக்கிறது என்றார். முதுகு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அப்போது கண் கலங்கும். சீட்டின் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தோம். வலி போகவில்லை என்று வந்தார். முன்பக்கத்தை இறக்கினோம். மறுபடி வந்தவர், முதுகு இல்லை, இடுப்பு என்றார். அதற்கும் ஒன்று செய்தோம். அப்புறம் வந்து, பொதுவாகவே ஒரு மாதிரி இருக்கிறது என்றார்.

எங்கே தம்பி, சரியாகச் சொல்லுங்கள் என்று நான் கேட்கக் கேட்க, அவர் தலை நிமிர்ந்து எங்கள் கடை மின்விசிறியையே பார்த்தார். இவர் ஒருத்தரையே திருப்திப்படுத்த முடியவில்லையே, எப்படிக் கடை நடத்தப்போகிறேன் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அவர் போனதும் பாய் அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, வலி அந்த ஃபேனுக்குத்தான் போல. அதப் பாத்துத்தான் பூராவும் பேசிட்டுப் போறாரு."

சரிவு

நடுவில் ஒரு புதுப்பொண்ணு. அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். பிரேக் போட்டால் போதும், பின்னால் இருப்பவள் வழுக்கிக்கொண்டு போய்ப் புருஷன் முதுகில் மோதுகிறாளாம். ஊரெல்லாம் பார்க்கிறது, மானம் போகிறது, சீட்டை மட்டமாக்குங்கள் என்று அவர் முன்னாலேயே கறாராகச் சொன்னாள். மட்டமாக்கிக் கொடுத்தோம். பழனி வரைக்கும் போய் வந்தார்கள்.

நாலு நாள் கழித்து அந்தப் பெண் மட்டும் பஸ் பிடித்து வந்தாள். சீட் எப்படி என்றேன். முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"பழையபடியே சரிவா வச்சுருங்கக்கா. வண்டிய அனுப்பி விடுறேன். அவரு கேட்டா, அதான் கம்பெனி அளவுன்னு நீங்களாச் சொல்லிருங்க."

திருப்பரங்குன்றத்திலிருந்து வந்த உண்மை

மருந்துக் கம்பெனித் தம்பி அப்புறம் வரவில்லை. எதிர்க் கடைக்குப் போய்விட்டார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் மனைவி வந்தாள், திருப்பரங்குன்றத்திலிருந்து, இடுப்பில் பிள்ளையோடு. வந்தவள் சுற்றி வளைக்கவில்லை. பாய் நாகரிகமாக எழுந்து டீ குடிக்கப் போகும்படி ஆகிவிட்டது.

"அவருக்கு முதுகுல ஒண்ணுமே இல்லக்கா. ஒக்கார்ற எடத்துல ரெண்டு பக்கமும் கொப்புளம். நாந்தான மருந்து போட்டு விடுறேன்? ஒரு பொம்பளைகிட்ட அதச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு முதுகு முதுகுன்னு சொல்லிட்டு வந்திருக்காரு."

சாக்பீஸ்

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் என் கடைக்கு வந்த முதுகு எதுவும் முதுகு இல்லை. ஆம்பளைகள் உடம்பைச் சொல்லக் கூச்சப்பட்டால் சீட்டையாவது காட்டட்டும் என்று துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்தேன். "சீட்டுல ஒக்காந்து பாருங்க. எந்த எடம் உறுத்துதோ, எறங்கி அந்த எடத்துல வட்டம் போடுங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். ஒரு வார்த்தை பேச வேண்டாம். கறுப்பு ரெக்ஸினில் வெள்ளை வட்டம் பளிச்சென்று தெரியும். பாய் அந்த இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டு வேறு ஃபோம் வைப்பார். மருந்துக் கம்பெனித் தம்பியும் வந்தார், இரண்டு வட்டம் போட்டார், பிறகு வலி என்று வரவே இல்லை. கூட வேலை பார்க்கிறவர்களை மட்டும் ஒவ்வொருவராக அனுப்பினார்.

ஒரே ஒரு குறை. வட்டம் போட்டவர்கள் சரியாக இருக்கிறதா என்று மறுபடியும் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்கள். இறங்கி அப்படியே டீக்கடைக்குப் போவார்கள். டீக்கடைக்காரர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஒங்க கடைக்கு போர்டே வேணாம்க்கா. கால்சட்டையிலேயே எழுதி அனுப்புறீங்க. ஆளு யாரு, வலி எங்கன்னு கோரிப்பாளையம் பூராத்துக்கும் தெரியுது."

வீட்டுக் கஸ்டமர்

கடை ஒருவழியாக நிலைத்து நின்றது. வீட்டில்தான் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லி டாக்டர் நெருக்கினார். அன்று சாயங்காலம் சோறு போட்டேன். அவர் வழக்கம்போல ஜன்னல் திண்டில் தட்டை வைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டார். தண்டுவடம் போன மனுஷன் இத்தனை நேரம் நிமிர்ந்து நிற்கிறாரே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குழம்புக் கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. எழுந்து போய் ஒரு தலையணையைத் தரையில் போட்டு, பையிலிருந்து சாக்பீஸை எடுத்து நீட்டினேன்.

"ஒக்காந்து எந்திரிங்க. எங்க வலிக்குதோ அங்க வட்டம் போடுங்க. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன்" என்றேன். எங்கிட்டயே வியாபாரமா என்று எகிறினார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முதலில் "அம்மா" என்று ஒரு முனகல், அப்புறம் சாக்பீஸ் உரசுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால், நீலப் பூப்போட்ட தலையணையில் நட்டநடுவே ஒரே ஒரு சின்னப் புள்ளி.

மூலம். எலும்பு டாக்டரிடம் போன அன்று பக்கத்தில் நர்ஸம்மா நின்றார்களாம், முதுகு என்று சொல்லிவிட்டாராம். சொன்ன முதுகை அப்புறம் மாற்ற முடியவில்லையாம். இரண்டு பிள்ளை பெற்ற என்னிடமும் சொல்லவில்லை; நான் தேய்த்த தைலமெல்லாம் நல்ல முதுகுக்குத்தான் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. மறுநாளே வேறு டாக்டரிடம் கூட்டிப்போய், வாயைத் திறக்க விடாமல் நானே சொன்னேன். சின்ன வைத்தியத்தோடு சரியாகிவிட்டது. கடைக்கு அவர் திரும்பி வந்த அன்று, பாய் அவர் ஸ்டூலின் மேல், நடுவில் குழி வெட்டிய சீட் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். அதில் மெதுவாக அமர்ந்தார். முதலில் வந்த பையன் கல்லூரிக்காரன். கொடைக்கானல் போய் வந்ததிலிருந்து முதுகுவலி என்றான், மின்விசிறியைப் பார்த்து. என் வீட்டுக்காரர் சாக்பீஸை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"மாப்ள, என்ன வேணாலும் சொல்லு, முதுகுன்னு மட்டும் சொல்லாத. நான் அப்பிடிச் சொல்லித்தான் என் தண்டுவடத்துல கத்திய வைக்கப் பாத்தாங்க."

மதுரையிலிருந்து எத்தனை தொலைவுக்கு வேண்டுமானாலும் வலிக்காமல் போகிற மாதிரி சீட் செய்து கொடுத்துவிடலாம். வலிக்கிற இடத்திலிருந்து ஒரு ஆம்பளையின் வாய் வரைக்கும் உள்ள தூரத்துக்குத்தான் இன்னும் எங்களிடம் சீட் இல்லை.