அண்ணனுக்கு இழைத்த சதுரங்கப் பலகை

என் மகள் ஒரு கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து என் அண்ணன் என் வீட்டில் கை நனைப்பதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் இதற்காக யாரும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். தெருவில் நின்று வையவும் மாட்டார்கள். எதிரே பார்த்தால் "நல்லா இருக்கறீங்களா" என்று மரியாதையாகக் கேட்பார்கள். உங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு நீங்கள் உயிரோடு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

என் மனைவிக்கு ஆபரேஷன் ஆனபோது அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். கேன்டீனில் காபிகூடக் குடித்தார். ஆஸ்பத்திரி எங்கள் வீடு இல்லை அல்லவா? நான் மட்டும் பெருந்துறையில் அவர் வீட்டுக்குப் போனால் தாராளமாகச் சாப்பிடலாம். அதற்குத் தடை ஒன்றும் இல்லை. குற்றவாளிக்குச் சோறு போடுவதில் எங்கள் ஆட்கள் குறை வைக்க மாட்டார்கள்.

என் கோபம் எனக்காக அல்ல. மகளுக்குப் பெரியப்பா என்றால் உயிர். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பெருந்துறைக்கு ஓடிவிடுவாள். இருவரும் சதுரங்கம் ஆட உட்கார்ந்தால் சோறு தண்ணி நினைப்பு இருக்காது. அவள் முதன்முதலாக அவரை ஜெயித்த அன்று, அவர் அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தார். அதே மனிதர் கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்னிடம், "பங்காளிங்க மூஞ்சியில நான் எப்படித் தம்பி முழிக்கறது?" என்று கேட்டார். பங்காளிகளின் மூஞ்சி அவருக்கு அவ்வளவு முக்கியம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சென்ற வருடம் அண்ணன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. வாக்கர் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறார் என்றும், நாள் முழுக்க டிவியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றும் நங்கை போனில் சொன்னார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். இதை மகளிடம் சொன்னபோது அவள், "மரத்துல ஒரு செஸ் போர்டு செஞ்சு குடுங்கப்பா. நீங்க குடுத்தா வாங்கிக்குவாரு" என்றாள். அத்தோடு விடவில்லை. "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. என்னையக் கேக்கறாரான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

நான் தச்சன் அல்ல. பம்பு செட் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஆயுசு பூராவும் தரப் பரிசோதனை செய்தவன். கையில் வெர்னியர் அளவுகோலோடு நின்று, ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தூக்கிப் போடு என்று சொல்வதுதான் என் வேலை. ரிட்டயர் ஆன பிறகு தூக்கிப் போட ஒன்றும் கிடைக்காமல் மனைவியின் சப்பாத்தியை அளந்துகொண்டிருந்தேன். பலகை வேலை வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

உக்கடம் பக்கம் ஒரு மரக்கடையில் கறுப்புக் கட்டத்துக்கு வாகையும், வெள்ளைக் கட்டத்துக்கு மஞ்சக்கடம்பும் வாங்கினேன். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பழைய மேஜையைப் போட்டு வேலையை ஆரம்பித்தேன். தனித்தனியாகக் கட்டம் வெட்டி ஒட்டுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டு மரத்தையும் நீளப் பட்டைகளாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பசை போட்டு ஒட்ட வேண்டும். காய்ந்ததும் அதைக் குறுக்கே அறுத்தால், கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் வரிசைகள் கிடைக்கும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைத் திருப்பி வைத்து மறுபடி ஒட்டினால் பலகை தானாக வந்துவிடும். முதல் தடவை திருப்பி வைத்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

சுற்றிலும் ஒரு சட்டம் போட்டேன். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றுகூட நுழையக் கூடாது என்று இழைத்து இழைத்து, பசையைத் தடவி, திருகாணியும் போட்டு இறுக்கினேன். வெர்னியரை வைத்துப் பார்த்தால் குறை சொல்ல இடமே இல்லை. அப்போது சித்திரை வெயில். கோயம்புத்தூர்க்காரனிடம் எதைக் கொடுத்தாலும் இரும்பு என்றுதான் நினைப்பான்.

ஆனி பிறந்து பாலக்காட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று வீச ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் துணியை விலக்கிப் பார்க்கிறேன், பலகை நடுவே மேடு தட்டிக்கொண்டு நிற்கிறது, சட்டத்தின் ஒரு மூலை பிளந்து வாயைத் திறந்திருக்கிறது. மரம் ஈரத்தைக் குடித்து வீங்கியிருந்தது. வீங்க நான் இடம் விட்டிருக்கவில்லை. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். மகள் போனில், "உடுங்கப்பா, பெரியப்பா என்ன வெர்னியர் வெச்சா பாக்கப் போறாரு?" என்று சமாதானம் சொன்னாள்.

எனக்கு மனசு வரவில்லை. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தேன். இந்தத் தடவை சட்டத்தின் உள்பக்கம் காடியாக ஒரு நீளப் பள்ளம் எடுத்து, பலகையின் விளிம்பைப் பசை போடாமல் அதற்குள் சும்மா உட்கார வைத்தேன். வேண்டும்போது வீங்கட்டும், வேண்டும்போது சுருங்கட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் வந்தாள். சர்ச்சில் மாஸ் முடிந்து நேராக வந்தவள், தன் குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மத்தியானம் வரை தேய்த்தாள். கட்டத்துக்குக் கட்டம் விரலால் தடவிப் பார்த்தாள்.

பலகையை வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பெருந்துறைக்குப் போனேன். அண்ணன் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பலகையைப் பிரித்து முன்னால் வைத்தேன். டிவியை அணைக்கச் சொன்னார். உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீயா செஞ்சே? வெலைக்கு வாங்குனாப்பல இருக்குதே!"

"நானேதானுங்கண்ணா."

"இரும்பு புடிச்ச கைக்கு மரமும் வருதாட்ட இருக்குது."

அந்தப் பாராட்டுக்கு நான் குழைந்து போனேன். வயசாகியும் அண்ணன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் போதும், வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நங்கை பழைய காய்களைத் தேடி எடுத்துக் கொடுக்க, ஆட உட்கார்ந்தோம். காய் நகர்த்த ஆரம்பித்ததும் மனிதருக்குப் பழைய களை வந்துவிட்டது. என் யானையைக் குதிரையால் தட்டிவிட்டுத் தொடையில் அடித்துச் சிரித்தார், அடிபட்ட தொடை என்பதை மறந்து. நங்கை சமையல்கட்டிலிருந்து வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் எல்லோரையும் விசாரித்தார். என் மனைவிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் ஸ்கூட்டரைக் கேட்டார். எங்கள் வீதியில் குப்பை வண்டி ஒழுங்காக வருகிறதா என்றுகூடக் கேட்டார். குப்பை வண்டிக்குப் பிறகாவது என் மகள் வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். நானே ஆரம்பித்தேன். "அண்ணா, வர்ற ஞாயித்துக்கெழமை நம்மூட்டுக்கு வாங்க. கார் வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். அங்க உக்காந்து ஆடலாம். சாப்பிட்டுப்போட்டு வரலாம்."

அண்ணன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நங்கை கையில் கரண்டியோடு கதவோரம் நின்றுவிட்டார்.

"வாரேன்" என்றார் அண்ணன்.

காருக்கு யாரிடம் சொல்வது என்று அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

"வாரேன் தம்பி. சாப்படறேன். எத்தனை காலத்துக்குத்தான் இப்படியே இருக்கறது? அன்னிக்கு மட்டும் புள்ளைய வர வேண்டாம்னு சொல்லிப்போடு." சொல்லிவிட்டு ஒரு காயை நகர்த்தினார். "ம், உன்ற ஆட்டம்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. விட்டுக்கொடுக்கிற தோரணையில், எனக்கு ஒரு நல்லது செய்வது போலச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"அது அவ ஊடுங்கண்ணா. அவ இருப்பா. அவ இருக்கற எடத்துக்கு வர முடியாதுன்னா நீங்க வர வேண்டாங்க."

நான் எழுந்தேன். உள்ளே இலை போட்டிருந்தார்கள். "சோத்து நேரத்துல எந்திரிச்சுப் போகாதீங்க தம்பி" என்று நங்கை வாசல் வரை வந்தார். பசி இல்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். பசி வயிற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தது. வருகிறவர்களை வர வேண்டாம் என்றும், போட்ட சோற்றை வேண்டாம் என்றும் சொல்ல நானும் கற்றுக்கொண்டேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே!

பஸ் அவிநாசியைத் தாண்டும்போது மகள் போன் செய்தாள்.

"போர்டு புடிச்சுதாங்கப்பா?"

"ரொம்பப் புடிச்சுது கண்ணு. தடவித் தடவிப் பாத்தாரு."

கொஞ்சம் தயங்கினாள். "என்னையக் கேட்டாருங்களா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"கேட்டாரு கண்ணு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். "நெசமாலுமா? எனக்குத் தெரியுமுங்கப்பா, கேப்பாருன்னு. அப்ப ஞாயித்துக்கெழமை வாராருங்களா? நான் வெடியக்காலத்துலயே வந்து சந்தகை புழியறேன், பெரியப்பாவுக்கு அதுதான் புடிக்கும். பாப்பாவையும் காட்டோணும். எத்தனை மணிக்குங்கப்பா வாராரு?"

"பஸ்ஸுல ஒண்ணுமே கேக்கல கண்ணு" என்றேன். அவள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்குக் கேட்டது.