பத்தொன்பது பையன்களின் பட்டியல்

மலாக்கா பட்டணத்தில் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய தமிழ்ப் பெண்களை அன்றைக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம். காஜா பேராங் வட்டாரத்துச் சாரதாம்பாள் அவர்களில் ஒருத்தி. கித்தாத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுவதை விட்டு வந்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த அப்பாசாமியின் மூத்த மகள். நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம் அவளுக்கு இருபத்தாறு வயது. அரசாங்கத்தின் சமூகநல அலுவலகம் ஒன்றில் கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

அந்த வருஷத்தை நினைத்தால் இன்றும் அவள் முகம் மலர்ந்துவிடும். கோப்பிக் கடைச் சுவர்களில் கொடி ஒட்டிய பசைகூடக் காயவில்லை. எல்லாரும் எதையாவது தொடங்கிக்கொண்டிருந்தார்கள். சங்கம், வாசகசாலை, இரவுப் பள்ளி. கூடவே ரகசியக் கும்பல்களும் வளர்ந்தன. படக்கொட்டகை வாசலில் நிற்கும் பையன்களுக்கு முதலில் ரோத்தியும் கோப்பியும் வாங்கிக் கொடுப்பார்கள். அப்புறம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, அந்தச் சடக்கில், தெருமுனையில் இருக்கும் இன்ன கடையில் போடு என்பார்கள். மூன்றாவது மாதம் பையன் கையில் கும்பலின் அடையாளம் பச்சை குத்தியிருக்கும்.

இதைத் தடுக்க, இளைஞர் மன்றங்களுக்கு அரசாங்கம் மானியம் தருவதாக அறிவித்தது. காஜா பேராங்கிலிருந்து மனுப் போட்டவர் நடராஜன், பேருந்து நடத்துநர். பூப்பந்து வலை, இரண்டு கேரம் பலகை, ஒரு கால்பந்து, மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கூரை. இவற்றுக்கு ஐந்நூறு வெள்ளிப் பணம் கேட்டிருந்தார்.

மனுவைப் படித்த அதிகாரி கருணாகரன் கெட்டவரல்ல. ஆனால் விதி விதிதான் என்பவர். "யாருக்காகக் காசு கேக்கறாங்கன்னு மேலிடத்துக்குத் தெரிய வேணாமா? பையனுங்க பேரு, அப்பன் பேரு, அடையாள அட்டை நம்பர், என்ன தப்பு பண்ணாங்க, எல்லாத்தையும் வாங்கிப் போடும்மா" என்றார்.

நடராஜன் ஒரே வாரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாளில் பத்தொன்பது பெயர்கள். சைக்கிள் விளக்குத் திருடியவன், பொட்டலம் சுமந்தவன், சும்மா கூட நின்றதற்காகப் பிடிபட்டவன். சாரதாம்பாள் பொறியில் தாளைச் செருகினாள். நான்காவது பெயரில் விரல் நின்றுவிட்டது. அவளுக்குத் தெரிந்த பையன் யாருமில்லை. தன் தம்பி சேதுபதியின் நினைவுதான் வந்தது.

சேதுபதி பதினான்கு வயதில் ஒரு கடையில் பேனா திருடிப் பிடிபட்டான். எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவனும் அதோடு திருந்திவிட்டான். இருபது வயதில் நல்ல வேலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பழைய கோப்பைத் திறந்து, "பேனாவ திருப்பிக் குடுத்துட்டியா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவன் வீட்டுக்கு வந்து, போட்டிருந்த புதுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். அப்புறம் அரசாங்க வேலைக்கு மனுவே போடவில்லை.

அன்று சாரதாம்பாள் இரண்டு பட்டியல் அடித்தாள். ஒன்றில் பெயர்கள். இன்னொன்றில் எண், வயது, தப்பு மட்டும். இரண்டையும் அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"நீங்க எதுல கையெழுத்துப் போட்டாலும் அனுப்பிடறேன் சார். ஆனா பேரு போட்டதுல, கீழ அடிச்சவங்க பேரோட மொத எழுத்து போடுவோமே, அங்க என் எழுத்தை மட்டும் போட மாட்டேன்."

கருணாகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "காசு குடுக்கறவன் கேப்பானே?"

"எத்தனை பேரு, என்ன வயசுன்னு கேக்கட்டும் சார். எந்த நம்பர் எந்தப் பையன்னு நடராஜன் அண்ணன்கிட்ட இருக்கும், அவரு எழுதின தாளை அவருகிட்டயே திருப்பிக் குடுத்துடறேன். தாளுக்கு மறதி கிடையாது சார். அவனுங்க திருந்தினாலும் அது திருந்தாது." பிறகு தம்பியின் கதையைச் சொன்னாள். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடுதான் சொன்னாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தாள்களையும் இன்னொரு முறை படித்தார். "ஐந்நூறு வராது, சொல்லிட்டேன்" என்றார். எண் போட்ட தாளில் கையெழுத்துப் போட்டார். மற்றதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடப் போனவர், என்ன நினைத்தாரோ, அவளிடமே கொடுத்தார். அவள் அதை வீட்டு அடுப்பில் போட்டு எரித்தாள்.

அவர் சொன்னது சரிதான். மூன்று மாதம் கழித்து இருநூறு வெள்ளி வந்தது. தகரக் கூரைக்குக் காணாது. நடராஜன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, பக்கத்துக் கம்போங் செட்டிக் குடியிருப்பில், மலாய் பேசும் ஒரு வீட்டுக்கார அம்மாள் தன் தென்னந்தோப்பைக் காட்டி, "மாயின் டி சினி லா" என்றார். இங்கேயே விளையாடுங்கள் என்று. வெற்றிலை வாயோடு அவர் சொன்னதற்கு நடராஜன் கும்பிடே போட்டுவிட்டார்.

பத்தொன்பது பேரும் தேறிவிட்டார்கள் என்று சாரதாம்பாள் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு பேர் கும்பலுக்கே திரும்பிப் போனார்கள். அதில் ஒருவன் கத்திக்குத்தில் செத்தான். அன்று அவள் அலுவலகத்தில் ஒரு கடிதத்தை நான்கு முறை தப்பாக அடித்தாள். மற்றவர்களில் ஒருவன் போலீசில் சேர்ந்தான், ஒருவன் லாரி ஓட்டினான், மூன்று பேர் பிற்காலத்தில் ஆயர் குரோ தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனார்கள். பாதிப் பேர் என்ன ஆனார்கள் என்றே தெரியாது. மன்றம் நான்கு வருஷம் நடந்தது. நடராஜன் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனதும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

ஆனால் மன்றத்தின் முதல் நாள் சாயங்காலம் அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தவளை நடராஜன் மறித்தார். "தங்கச்சி, மொத அடி நீதான் அடிக்கணும்."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"இவனுங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

சாப்பாட்டு அடுக்கைக் கீழே வைத்துவிட்டு மட்டையை வாங்கினாள். முதல் பந்து மட்டையில் படவே இல்லை. இரண்டாவது தென்னை மட்டையில் போய்ச் சிக்கிக்கொண்டது. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒருவன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினான். அவன் எத்தனையாவது எண் என்று அவளுக்குத் தெரியாது. கடைசிவரை அவள் கேட்கவும் இல்லை.