நாக்கில் ஒட்டிய நூல்

ஜப்பானில் மித்தோ ஊரில் நாட்டோ என்கிற புளித்த சோயா இல்லாமல் காலைச் சோறு இறங்காது. அந்த ஊரில் நாட்டோ செய்து பிழைக்கிறவரிடமே இனி அதைத் தொடக் கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். குராமோச்சி தொகுஜியின் இதயத்தில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் கட்டாமலிருக்க ஆயுசு முழுக்க ஒரு மாத்திரை. அந்த மாத்திரைக்கு நாட்டோ ஆகாது.

டாக்டர் ஒனிஸாவா பொறுமையாகவே சொன்னார். "சோயாவைப் புளிக்க வைக்குதே, அந்தக் கிருமியும் பிழைக்கணும்ல? சக்தி எடுக்கிறதுக்கு அது ஒரு பொருளைக் கட்டுது. வளையம் தனியா, ஏழு கண்ணி வால் தனியா செஞ்சு, ரெண்டையும் மாட்டி, கடைசியா ஒரு சின்ன ஒட்டு. அதுக்கு அது மூச்சு மாதிரி. நமக்கு அதுதான் விட்டமின் கே, ரத்தத்தை உறைய வைக்கும். குடலுக்குள்ள போனாலும் சும்மா இருக்காது. நாலஞ்சு நாள் அங்கேயே உக்காந்து கட்டிக்கிட்டே இருக்கும். கொஞ்சம்தானேன்னு தொட்டுடாதீங்க."

தொகுஜி குனிந்து வணங்கிவிட்டு வந்தார். மறுநாள் காலை, சோயாவைப் புளிக்க வைக்கும் வெப்ப அறையிலிருந்து ஒரு வைக்கோல் பொதியை எடுத்துப் பிரித்தார், குச்சியால் கிளறினார், நூலாக நீண்ட பிசினை இழுத்து நாக்கில் வைத்தார். முப்பத்தெட்டு வருஷமாக அவர் நாக்கில் படாமல் ஒரு நாள் சரக்கும் கடைக்குப் போனதில்லை. மனைவி சதாயே வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது? நேத்துதானே அவ்வளவு சொன்னாங்க?"

"தின்னேனா? நூலைத்தானே நக்கினேன். துப்பியாச்சு, பாரு."

தினமும் இப்படியே போக, அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை சரியாக வரவில்லை. மாத்திரை வேலை செய்வதாகவே தெரியவில்லை. "நாட்டோ ஏதும்?" என்றார் டாக்டர். தொகுஜி கூரையைப் பார்த்தார். சதாயே முந்திக்கொண்டாள்.

"ஒரு மணிகூட வாயில போடலைங்க."

பொய்யில்லையே என்று அவளுக்கு ஒரு திருப்தி. புருஷன் பேச்சுக் கேட்காதவர் என்று டாக்டர் முன்னால் சொல்லுவதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஜாதி அவள். டாக்டர் நம்பினார், மாத்திரையின் அளவை ஏற்றினார். அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில். இன்னும் ஏற்றினார்.

வசந்தம் பிறந்தபோது ஒரு காலையில், குச்சியும் கையுமாக நின்றவர் முன்னால் சதாயே அழுதுவிட்டாள். "ரத்தம் கட்டித்தான் சாகணும்னா, நான் கண்ணை மூடினப்புறம் நக்குங்க."

தொகுஜி குச்சியைக் கீழே வைத்தார். ருசி பார்க்கும் வேலையை ஒரு வேலைக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்தார். அதன்பிறகு அந்த அறைப் பக்கமே போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சை அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான். பாழாய்ப்போன தடவை.

நிறுத்தியதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நாலாம் நாள் அவளுக்குத் தோன்றியது. போனையும் எடுத்தாள். இப்போது நிறுத்திவிட்டார் என்றால், இதுவரைக்கும் என்ன நடந்தது என்று கேட்பாரே? போனை வைத்துவிட்டாள். மூன்று வாரத்தில் எப்படியும் போகத்தானே போகிறோம், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

தொகுஜியின் முழங்கையில் நீலம் பாய்ந்தது. "பெட்டில இடிச்சிக்கிட்டேன்" என்றார். குடலில் இருந்த கிருமிகள் அதற்குள் கழிந்துபோயிருந்தன. அவை கட்டிய விட்டமினோடு மல்லுக்கட்ட ஏற்றிய மாத்திரை மட்டும் மிச்சம். எதிர்த்து நிற்க ஆளில்லாமல் அது ரத்தத்தை நீராக்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, மிசோ சூப்பும் சுட்ட மீனும் முன்னால் இருக்க, தலை வலிக்கிறது என்றார். கையிலிருந்த குச்சிகள் விழுந்தன. மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. இரண்டே நாள்.

துக்கத்துக்கு வந்த டாக்டர் ஊதுவத்தி ஏற்றிவிட்டு அவள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மாத்திரையை ஏத்தினது நான்தான். எங்கே தப்பு பண்ணினேன்னு தெரியலை. அம்மா, அவர் சாப்பாட்டுல எதையாவது நிறுத்தினாரா? நாட்டோ மாதிரி ஏதாவது?"

உண்மையைச் சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு. சதாயே வாய் திறந்தாள்.

"ஒரு மணிகூடத் தொட்டதில்லைங்க."

டாக்டர் நெற்றி தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். வழக்கப்படி அவளும் குனிந்தாள். அவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவளும் குனிந்தே இருந்தாள்.