வைண்டர் வீட்டுக் கடலைக் களிம்பு

ஜாரைக் கவிழ்த்து மூக்குக்கு அருகில் கொண்டுபோய் ஒரு தடவை மோந்து பார்த்த பிறகுதான், அதைக் கொண்டுவந்த ஆளை வைண்டர் நிமிர்ந்து பார்க்கிறார். அதுவரை எதிரில் நிற்பவர் பேசக் கூடாது. பேசினாலும் காதில் விழாது. மோந்ததும் ஒரு தலையாட்டல். பிறகு மிக்ஸியின் அடித்தட்டைத் தட்டி, அதையும் மோந்து, "பூண்டு, எலுமிச்சம்பழம், எள்ளு, கடலை. தண்ணி கிடையாது. சரியா?" என்கிறார். அந்த 'சரியா' கேள்வி அல்ல. கூண்டில் ஏறி நிற்கச் சொல்வது.

மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவதால் தெருவுக்கு அவர் வைண்டர். சொந்தப் பெயர் மின்சார பில்லில் மட்டும் இருக்கிறது. கடையில் நின்று இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். தொழிலை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எரிந்துபோன மோட்டார் ஒன்றைப் பிரித்து, கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே உருவி, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பியைச் சுற்றி ஓட வைத்தவர். பெரிய காரியம்தான். அதை நாளைக்கு மூன்று தடவை அவரே சொல்லிச் சொல்லி, இப்போது அது தேய்ந்துபோய்க் கிடக்கிறது.

மூன்று வருஷமாக அவரிடம் வரும் மிக்ஸிகளில் பாதி, கொண்டைக்கடலையால் செத்தவை. அந்த அரபு நாட்டுக் கடலை விழுதை ஹம்மஸ் என்று அவர் வாயால் சொல்வதில்லை. 'கடலைக் களிம்பு' என்பார். வாங்கித் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் வீட்டிலேயே செய்து பார்க்கக் கிளம்பியதில் அவருக்குத் தொழில் ஓடுகிறது. அந்த நன்றிக்கு அவர்களைத் திட்டுகிறார்.

திட்டுவதற்கு அவர்களும் இடம் கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆறிப்போன கடலையை ஜார் முட்டக் கொட்டுவார்கள். தண்ணீர் பட்டால் ருசி போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு சொட்டு விடமாட்டார்கள். எடுத்த எடுப்பில் மூன்றாம் வேகம். விழுது பிளேடைப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் திணறும், சூடு ஏறியதும் அடியில் இருக்கும் சிவப்பு பட்டன் டக்கென்று விழுந்து மிக்ஸி நின்றுபோகும். அதை ஆற விட்டால் ஒரு கேடும் இல்லை. அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது? கவிழ்த்து, பட்டனை அமுக்கி, மறுபடி மூன்றாம் வேகம்.

சிவப்பு பட்டனைப் பற்றி வைண்டரிடம் தனிப் பிரசங்கமே உண்டு. "அது வாட்ச்மேன் சார். அவன் கதவைச் சாத்துறான்னா உள்ள ஏதோ சரியில்லன்னு அர்த்தம். நீங்க அவனைக் கன்னத்துல அறைஞ்சு கதவைத் திறக்க வெச்சிருக்கீங்க. அதுவும் அஞ்சு தடவ."

"ரெண்டு தடவதாங்க அமுக்குனேன்" என்று ஒரு வங்கிக்காரர் முனகினார். வைண்டர் கருகிய காயிலை அவர் மூக்குக்கு நேராக நீட்டி, "இது அஞ்சுன்னு சொல்லுது. நான் யாரை நம்புறது?" என்றார்.

ஒரு பாட்டு டீச்சர், சமையல் வீடியோவில் வரும் அம்மா இரண்டே நிமிஷத்தில் அரைத்துவிட்டதாகச் சொல்லிப் பார்த்தார். "அந்தம்மா மிஷினும் நாலு தடவ நின்னிருக்கும் டீச்சர். நின்னதையெல்லாம் வெட்டித் தூரப் போட்டுட்டு, ஓடுனதை மட்டும் உங்களுக்குக் காட்டியிருக்காங்க." டீச்சரின் முகம் சுண்டிப்போனது. வைண்டர் பேசுவதில் பாதிக்கு மேல் நியாயமாகத்தான் இருக்கும். ஒரு தடவை கேட்டவர் இரண்டாம் தடவை அந்தப் பக்கம் வரமாட்டார் என்பதுதான் அந்த நியாயத்தில் உள்ள கோளாறு.

எல்லாரும் பழுதுக்கு வந்த பொருளில் ஆளின் பெயரை எழுதி வைப்பார்கள். இவரோ, கொண்டுவந்தவர் செய்த குற்றத்தை எழுதிச் சீட்டுக் கட்டுகிறார். அலமாரியில் வரிசையாகத் தொங்கும்: 'கடலை - தண்ணி இல்லை.' 'கடலை - மூணாம் ஸ்பீடு.' 'கடலை - பொய்.' திரும்ப வாங்க வருகிறவர் தன் குற்றத்தைத் தன் வாயாலேயே சொல்லித்தான் பொருளை மீட்க வேண்டும். அந்த வங்கிக்காரர், பக்கத்தில் இரண்டு பேர் நிற்கும்போது, "அண்ணே, அந்தப் 'பொய்' என்னுது" என்று கையை நீட்டிய அழகை வைண்டர் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எதிர் வரிசையில் இன்னொரு கடை இருக்கிறது. அதை நடத்துபவரை, ஒட்டுப் போட மட்டும் தெரிந்தவன் என்ற கேலியில், இவர் 'ஒட்டுக்காரன்' என்பார். அந்த மனிதர் பொருளை வாங்கும்போது பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார். கொடுக்கும்போது ஓட விட்டுக் காட்டுவார். நடுவில் வாயைத் திறக்கமாட்டார். தொழில் தெரிந்தவன் பேசாமல் இருப்பானா என்று வைண்டர் கேட்பார். கேட்டுவிட்டு, "எங்க வீட்டு மிஷின் ஏழு வருஷமா ஒரு தடவகூட நின்னதில்ல. கையி அப்படி" என்று முடிப்பார்.

வீட்டில் நடப்பது வேறு கதை. மகளின் சிநேகிதி ஒருத்தி கொடுத்த டப்பாவிலிருந்து வழித்துத் தின்று பார்த்த வைண்டரின் மனைவி, அது எப்படிச் செய்தது என்று தன் போக்கில் கண்டுபிடித்தாள். ஐந்து தடவை கெட்டது. ஒரு தடவை எள் கருகிக் கசந்தது. ஒரு தடவை கடலை வேகப் போட்ட சோடா கூடிப்போய் சோப்பு வாடை அடித்தது. ஆறாவது தடவை வந்துவிட்டது. முதலில் எள்ளை மட்டும் எலுமிச்சைச் சாறும் ஐஸ் தண்ணீரும் விட்டு வெளுக்கிற வரை அரைப்பாள். விரலால் நசுக்கினால் மாவாகும் பக்குவத்துக்கு வெந்த கடலையை, சூட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பாள். இப்போது பக்கத்துக் கட்டிடத்து உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இருபத்திரண்டு டப்பா போகிறது. டப்பாவில் லேபிள் ஒட்டுவது கல்லூரியில் படிக்கும் மகள்.

வைண்டர் இதுவரை அதைத் தொட்டு நாக்கில் வைத்ததில்லை. "இதை வாயில போடணுமா, முட்டியில தேய்க்கணுமா?" என்று முதல் நாள் கேட்டார். அந்த நகைச்சுவை அவருக்கே பிடித்துப்போனதால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிறார். மனைவி டப்பா மூடியை அழுத்திக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காயிலுக்கு நூல் பிடித்துக் கொடுத்தவள். மோட்டாரில் எந்தக் கம்பி எங்கே போகும் என்பதோடு, இந்த மனிதர் வாயில் எந்தப் பேச்சு எப்போது வரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை தெருவில் மின்சாரம் போய், எப்போது வரும் என்று தெரியாமல், வைண்டர் பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டுப் பக்கத்தில் மின்சாரம் இருந்தது. மாடிப்படியிலேயே மிக்ஸியின் சத்தம் கேட்டது. கேட்டதும் கால் நின்றது. தன் வீட்டு மோட்டாரின் குரல் தெரியாதா அவருக்கு? இது அந்தக் குரல் இல்லை. கொஞ்சம் மெலிந்து, சுத்தமாக இருந்தது.

சமையலறை வாசலில் அவர் வந்து நின்ற நேரத்தில் டக் என்று மிக்ஸி நின்றது.

மனைவி பதறவில்லை. பழகிப்போன கையாக சுவிட்சை அணைத்து, ஜாரைக் கழற்றி, மிக்ஸியைத் தொட்டுச் சூடு பார்த்து, ஆறட்டும் என்று துணியை விரித்து அதன் மேல் சாய்த்து வைத்தாள். தெருவில் ஒருத்தர் விடாமல் இவர் கற்றுக் கொடுக்கப் பார்த்தும் யாருக்கும் வராத பக்குவம். வைண்டர் அதைப் பாராட்டும் நிலையில் இல்லை. ஏழு வருஷமாக நிற்காத மிக்ஸி எப்படி நின்றது என்று கேட்டார்.

எரிந்துபோய், புதுக் காயில் சுற்றி வாங்கி மூன்று மாதம் ஆயிற்று, அவர் கடைக்குப் போன பிறகுதான் ஓட்டுவது என்றாள்.

"எங்க குடுத்த?"

"எதிர்க் கடையில."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சீட்டுக் கட்டுவீங்க."

டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மகள் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். வைண்டருக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. ஊரெல்லாம் கைராசி பேசும் மனிதரின் வீட்டு மிக்ஸி, ஒட்டுக்காரன் கடையில் போய் உட்கார்ந்து வந்திருக்கிறது. தெருவில் எத்தனை பேர் பார்த்தார்களோ. அந்த ஆளின் வேலையைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு குறையாக மனைவிக்கு விரல் வைத்துக் காட்டுவது என்று தீர்மானித்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் திருப்புளியை எடுத்தார். மிக்ஸியைக் கவிழ்த்து நான்கு திருகாணியையும் கழற்றினார்.

குறை தேடினார். காயில் முடி அளவுகூடப் பிசகாமல் சுற்றியிருந்தது. நூல் முடிச்சை நகத்தால் நெம்பினார், அசையவில்லை. வார்னிஷ் தேன் நிறத்தில் ஒரே சீராக ஓடியிருந்தது. சிவப்பு பட்டன் புதிது. அதற்குப் போகும் இரண்டு கம்பிகளும், போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தன.

அடித்தட்டின் உட்பக்கத்தில் சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்று, டேப் போட்டு ஒட்டியிருந்தது. பிரித்தார். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கம்பி. அதன் இரண்டு முனைகளும் மூன்று சுற்று இறுக்கி முறுக்கி, நாலாவது சுற்று பாதியில் விடப்பட்டிருந்தது. அப்படி முறுக்குகிற கை அந்த வட்டாரத்தில் ஒன்றுதான். அது அவருடையது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்த மச்சினன் முன்னால் இந்த மிக்ஸி நின்றது. வைண்டர் வீட்டு மிஷினே நிக்குதே என்று மச்சினன் சிரித்தார். அன்று சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல், பட்டனுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் இந்தத் துண்டால் இணைத்து விட்டவர் இவர்தான். அதற்குப் பிறகு பட்டன் பெயருக்கு இருந்தது. மோட்டார் எவ்வளவு கொதித்தாலும் நிறுத்த ஆள் இல்லை. ஏழு வருஷம் நிற்காத பெருமை இந்தக் கட்டைவிரல் நீளக் கம்பியின் பெருமை.

எதிர்க் கடைக்காரர் இதைக் குப்பையில் போட்டிருக்கலாம். நாலு பேருக்குக் காட்டியிருந்தால் வைண்டர் கடையை வேறு தெருவுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அவரோ, இந்த மிக்ஸியைத் திறந்து பார்க்கப்போகிற ஒரே ஆளுக்காக, உள்ளேயே வைத்துத் திருகாணியை முடுக்கியிருக்கிறார்.

வைண்டர் கம்பியைச் சட்டைப் பையில் நழுவ விட்டார்.

மனைவி அவருக்குப் பக்கத்தில் குந்தி, தண்ணீர்ச் சட்டியில் கடலையைக் கசக்கித் தோலை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் பேசினாள். உடற்பயிற்சிக் கூடத்துக்காரர் இன்னொரு கிளை திறக்கிறாராம். அடுத்த வாரத்திலிருந்து ஐம்பது டப்பா சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாராம். இன்று நாலு மணிக்குச் சரக்கு கொண்டுபோகும்போது பதில் சொல்ல வேண்டும்.

"நான் அரைச்சதுனாலதான எரிஞ்சுது? அந்த அண்ணன்கிட்ட கேட்டேன். உங்க வீட்டுக்காரரைக் கேளுங்கம்மான்னுட்டாரு. மூணு மாசமா பயந்து பயந்துதான் அரைக்கிறேன். எனக்குப் பக்குவம் பத்தலன்னா சொல்லிடுங்க. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுறேன்."

"மோட்டார் பழசு" என்றார் வைண்டர்.

"பழசுன்னா? எம்மேல தப்பு இருக்கா, இல்லையா?"

காயிலைக் காட்டி ஊரையே கூண்டில் ஏற்றிய வாய் அது. இப்போது அதற்கு ஒரே ஒரு சொல் போதும். வைண்டர் திருப்புளியின் முனையை வேட்டியில் துடைத்தார். ஒரு அழுக்கும் இல்லாத முனையை மறுபடி துடைத்தார். மனைவி சட்டியிலிருந்து கையை எடுத்து, கடலைத் தோல் ஒட்டியிருந்த உள்ளங்கை மடியில் கிடக்க, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேபிள் ஒட்டும் சத்தமும் நின்றுவிட்டது.

வைண்டர் சட்டைப் பையில் விரலை விட்டுத் துழாவினார். கம்பியை எடுத்து, முறுக்கிய முனைகள் அவளுக்குத் தெரியும்படி, அந்த ஈரமான உள்ளங்கையில் வைத்தார். பிறகு, மகள் பார்த்துவிடுகிறாளா என்று அந்தப் பக்கமே ஒரு கண் வைத்தபடி, மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினார்.