வயிற்றாலே போகும் பிள்ளைக்குத் தண்ணீர்

சிங்கப்பூரில் மழை பெய்தால் யாரும் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவதில்லை. பிற்பகலில் வானம் கறுத்துக் கொட்டும். சீனப் பிள்ளைகள் தெருவில் நனைந்துகொண்டே விளையாடும். பாளையங்கோட்டையில் உச்சந்தலையில் தூறல் பட்டாலே முந்தானையால் துவட்டிப் பழகிய எனக்கு அதைப் பார்த்தால் இருப்புக்கொள்ளாது. என் மகள் கிருபையை மட்டும் கதவுக்குள் வைத்துக் காத்தேன். நோய் அவளுக்குத்தான் வந்தது.

அப்போது அவளுக்கு இரண்டு வயது. காலையில் தொடங்கிய வயிற்றுப்போக்கு மத்தியானத்துக்குள் பிள்ளையைத் துவள வைத்துவிட்டது. நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து எட்டாத உயரத்தில் வைத்தேன். குடித்தால் இன்னும் போகும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். கிருபை செம்பையே பார்த்தாள். அந்தப் பார்வை என்னை ஸ்ரீவைகுண்டத்துக்கு இழுத்துப் போயிற்று. அங்கே என் அக்கா எஸ்தரின் மூத்த மகன் இதே நோயில் கிடந்தான். வாழைத் தோட்டத்து வாய்க்கால் சத்தம் வீட்டுக்குள் கேட்கும்; அவன் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பித் திருப்பிப் படுத்தான். அக்கா ஈரத்துணியால் அவன் உதட்டை மட்டும் நனைத்தாள். அதற்கு மேல் ஆகாது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பொழுது சாயுமுன் அவன் போய்விட்டான்.

என் அழுகை கேட்டு அடுத்த வீட்டுச் சீனப் பெண்மணி வந்தாள். அவள் பேசும் மலாய் எனக்குத் தெரியாது. பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “ஆயர், ஆயர்” என்றாள். நம் சபையில் ஆயர் என்றால் குருவானவர். கடைசி ஜெபத்துக்கு ஆள் அனுப்பச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். சாப்பாட்டுக்கு வந்திருந்த என் கணவர் கோயிலுக்கு ஓடினார். அதற்குள் அவள் தன் வீட்டிலிருந்து கஞ்சித் தெளிவைக் கொண்டுவந்து ஊட்டப் பார்த்தாள்; நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

குருவானவர் நம் திருநெல்வேலிக்காரர். வந்ததும் அவளிடம் மலாயில் ஏதோ கேட்டார். பிறகு என்னிடம், “கைய எடும்மா. அவ என்னக் கூப்பிடச் சொல்லல. இங்கன ஆயர்னா தண்ணி. பிள்ளைக்குத் தண்ணி குடுன்னு சொல்லுதா” என்றார்.

பிறகு பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். தாய்மாரே, அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கொதித்து ஆறிய தண்ணீரும், உப்புச் சேர்த்த கஞ்சித் தெளிவும் கொடுங்கள். வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள். டாக்டரிடம் கொண்டு போங்கள்.

கிருபை பிழைத்தாள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. அக்காவுக்கு இன்னொரு மகன் பிறந்திருந்தான். அவளுக்கு இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. சொன்னால் மூத்தவனின் சாவையும் சேர்த்துச் சொன்னதாகும். ஊருக்குப் போயிருந்தபோது சின்னவனுக்கும் வயிற்றாலே போயிற்று. அக்கா செம்பை எடுத்து ஒளித்தாள். அப்போது கஞ்சித் தெளிவும் கரண்டியுமாக வந்து சொல்லிவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி, அப்பம் எம் மூத்தவன் தாகத்துலயா போனான்?”

“தெரியலக்கா. அங்கன டாக்டர் சொன்னதத்தான் சொல்லுதேன்.”

அவள் என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். விடியும்வரை அவளேதான் ஊட்டினாள். பிள்ளை தேறி எழுந்தான். ஆனால் அதற்குப் பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

நான் திரும்பும் நாளில் மாட்டுவண்டி வாசலில் நின்றது. அக்காவின் இடுப்பில் கிருபை; என் தோளில் அவள் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். வண்டிக்காரர் நேரமாகிறது என்று இரண்டுமுறை சொன்னார். அக்கா கையை நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை. அவரவர் பிள்ளையை யார் முதலில் கேட்பது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தோம்.