மாதா பக்கத்தில் இருந்த ராசா

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எங்கள் அறைச் சுவரில் பலகை அடித்து மாதா படமும் அந்தோனியார் படமும் வைத்திருந்தோம். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்களுக்கு இல்லாமல் போன இலங்கைக் குடியுரிமையைக் கேட்டு அப்பா விண்ணப்பம் போட்ட வருடம் மூன்றாவதாக ஒரு படம் வந்து சேர்ந்தது.

மாதம் ஒருமுறை பூசை வைக்க வரும் ஸ்பெயின் நாட்டுச் சாமியார், காகிதங்கள் நனையாமல் வைத்துக்கொள்ளச் சொல்லித் தம் பழைய தகரப் பெட்டியை அப்பாவுக்குக் கொடுத்தார். மூடியின் உட்புறம் ஒரு படம் ஒட்டியிருந்தது. மெலிந்த முகம், மீசை, நெஞ்சில் சிலுவை. சிலுவையைக் கண்டதும் அம்மா கும்பிட்டாள். தண்ணீர் தொட்டுத் தொட்டுக் கிழியாமல் உரித்து மாதா பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து மெழுகுதிரி அவருக்குத்தான்.

"புதுசா வந்தவரு. இவருகிட்ட கூட்டம் இல்ல. நம்ம பேச்சக் கேப்பாரு," என்றாள்.

அடுத்த மாதம் வீடு மந்திரிக்க வந்த சாமியார் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். அம்மா தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தாள்; அறையில் நான் மட்டும்.

"இவர் புனிதர் அல்ல, மகளே. எங்கள் நாட்டு அரசர்," என்றார் தம் புத்தகத் தமிழில்.

பட்டணங்களில் சனங்கள் முடியாட்சி வேண்டாமென்று வாக்குப் போட்டதும் அரசர் சண்டையிடாமல் கப்பலேறிப் போனாராம். முடியைத் துறக்கிறேன் என்று மட்டும் அப்போது சொல்லவில்லையாம். வேற்று நாட்டிலேயே இறந்தார். பின்னால் வந்த உள்நாட்டுப் போரில் சாமியாரின் இரண்டு அண்ணன்மார் எதிரெதிர்ப் பக்கம் நின்று செத்தார்கள்.

"இப்போதும் எங்கள் நாட்டை முடியரசு என்றுதான் சொல்கிறார்கள். அரியணையில்தான் யாரும் இல்லை. படத்தை ஒட்டியவள் என் தாய். நான் மறந்தே போனேன். அம்மாவிடம் நீ பக்குவமாகச் சொல்."

தலையாட்டினேன். சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அம்மா முழங்காலில் நிற்பதைப் பார்த்தால் அவளிடமும் பேச்சு வராது.

அப்பா விசாரணைக்குப் போனார். இதே தோட்டத்தில் பிறந்தவர்தான். பிறப்பைப் பதிந்த காகிதம்தான் இல்லை. "எங்கப்பாவ அங்கதான் பொதைச்சிருக்கு, வந்து பாருங்கன்னேன். குழியக் காட்டுனா பத்தாதாம்," என்று திரும்பி வந்து சொன்னார். சில மாதங்களில் மறுப்புக் கடிதம் வந்தது.

அம்மா படத்தின் முன்னால் நின்றாள். "எம்புட்டுத் திரி கொளுத்தினேன். நீங்க மாதாகிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமில்ல."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அப்பாதான் சிரித்தார். "ராசாவையே ஊர விட்டு அனுப்பிட்டாங்களாம். அவருகிட்டப் போயி ஊரு கேட்டிருக்க நீ."

அம்மா சிரிக்கவில்லை. படத்தை எடுத்து, தகரப் பெட்டியில் அந்தக் கடிதத்தின் மேல் வைத்து மூடினாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. தாத்தாவின் குழிமேட்டில் எப்போதும் ஒரு திரிதான். அன்று அம்மா இரண்டு ஏற்றினாள்.

"ரெண்டாவது யாருக்கும்மா?"

"அந்த மனுசனுக்குத்தான். அவரு குழி எங்க இருக்கோ, திரி வைக்க யாரு போறாங்களோ."

காற்று பலமாக இருந்தது. அப்பா இரண்டு திரிகளையும் மறைத்தபடி உட்கார்ந்தார். நான் முதலிலேயே சொல்லியிருந்தால் அவள் அத்தனை மாதமும் மாதாவிடம் கேட்டிருப்பாள். அதனால் எதுவும் மாறியிருக்காது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டுவிட்டேன். மனம் ஆறவில்லை.